வாக்கில்லா ஊராட்சி: கிள்ளான் பள்ளத்தாக்கும் தமிழரும்

கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ஆதி நாகப்பன் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. செனட்டராக இருந்தவர், வழக்கறிஞர், ம.இ.கா.வின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய 1965-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர். நிறுத்தி வைத்த ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அந்த ஆணையத்தின் முடிவு. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. இன்று அவர் பெயர் தாங்கிய சாலையில் குழி விழுந்தால் அடைக்க வேண்டியது டி.பி.கே.எல்., அதாவது கோலாலம்பூர் மாநகர் மன்றம். அதன் தலைவரான டத்தோ பண்டாரை அந்தச் சாலையில் குடியிருக்கும் யாரும் தேர்ந்தெடுத்ததில்லை.

நம் அரசியல் பேச்சு பெரும்பாலும் புத்ராஜெயாவைச் சுற்றியே ஓடுகிறது. எத்தனை அமைச்சர் பதவி, எத்தனை துணையமைச்சர், தமிழ்ப்பள்ளிக்கு எவ்வளவு மானியம். ஆனால் கிள்ளானிலோ பந்திங்கிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அன்றாடத்தைத் தொடும் முடிவுகள் வேறு இடத்தில் எடுக்கப்படுகின்றன. வாசலில் ஓடும் கால்வாய், தெருவிளக்கு, தீபாவளிக் கடைக்கான உரிமம், கோயிலை ஒட்டிய நிலம், மின்சுடலை, வீட்டைப் பெரிதாக்கும் வரைபடம் எல்லாம் ஊராட்சி மன்றத்தின் கையில் இருக்கின்றன. அந்த மன்றத்தை யார் நடத்துகிறார்கள், அவர்களை யார் கேள்வி கேட்கலாம் என்பதில்தான் தமிழர்களான நாம் மிகக் குறைவாக அக்கறை காட்டியிருக்கிறோம் என்பது என் கணிப்பு. அதற்குச் சரித்திரக் காரணமும் இருக்கிறது.

முதலில் வேலைப் பங்கீடு. ஒரு சிற்றூரில் தண்ணீர் ஏர் சிலாங்கூருடையது, மின்சாரம் தெனாகாவுடையது, கழிவுநீர் 1990களிலிருந்து இண்டா வாட்டருடையது. ஆறும் பெரிய வெள்ள வாய்க்கால்களும் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கு. கூட்டரசுச் சாலையும் மாநிலச் சாலையும் பொதுப்பணித் துறைக்கு. போலீஸ், பள்ளி, மருத்துவமனை மத்திய அரசுக்கு. மிச்சம் இருப்பதுதான் மன்றத்துக்கு. அந்த மிச்சம் சிறியதல்ல. 1974-இன் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், 1976-இன் ஊராட்சிச் சட்டம், அதே ஆண்டின் நகர் கிராமத் திட்டமிடல் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து, எந்த நிலத்தில் எத்தனை மாடி எழும்பலாம் என்பதிலிருந்து எந்த முடிதிருத்தும் கடை எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பது வரை மன்றத்திடம் ஒப்படைத்திருக்கின்றன.

மக்களுக்கு இந்தப் பங்கீடு புரிவதில்லை. புரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. கால்வாய் அடைத்தால் "ஒய்.பி.கிட்ட சொல்லுங்க" என்பார்கள். ஒய்.பி. என்பவர் சட்டமன்ற உறுப்பினர். கால்வாய் அவர் வேலையே இல்லை. ஆனால் வாக்கு வாங்கியவர் அவர்தான் என்பதால் புகாரும் அவரிடமே போகிறது. அவர் அதை மன்ற உறுப்பினரான கவுன்சிலருக்கு அனுப்புவார், கவுன்சிலர் மன்ற அதிகாரிக்கு அனுப்புவார், அதிகாரி குத்தகையாளரைக் கூப்பிடுவார். சட்டமன்றத்தில் மாநிலச் சட்டங்களை ஆராய வேண்டியவர் கைப்பேசியில் குப்பைத்தொட்டிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான். இரண்டு பதவிகளும் இதனால் கெட்டன.

பணம் வரும் வழியும் தெரிந்திருக்க வேண்டும். மதிப்பீட்டு வரி, பழைய ஆட்கள் 'சுக்காய் பிந்து' என்பது, ஆண்டுக்கு இரு தவணை. பிப்ரவரி கடைசிக்குள், ஆகஸ்டு கடைசிக்குள். வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பில் 35 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. நடைமுறையில் அதன் பக்கத்திலேயே எந்த மன்றமும் போவதில்லை. நிலவரி இதில் சேராது, அது மாநிலத்துக்குப் போகிறது. மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. கோலாலம்பூரில் 1992-இன் மதிப்பையே வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினார்கள். 2013 இறுதியில் புதிய மதிப்பை அறிவித்ததும் ஆட்சேபக் கடிதங்கள் குவிந்தன, கூட்டங்கள் நடந்தன, கடைசியில் விகிதத்தைக் குறைத்தார்கள். தேர்தல் இல்லாத மன்றம் துணிச்சலாக வரியை உயர்த்தும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மையில் வாக்கு வாங்காதவர்களுக்கு வரி கேட்கும் தைரியமும் வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போட்டுவிட்டு ஒரே நாளில் தலையில் போடுகிறார்கள்.

வணிக மையங்களும் தொழிற்பேட்டைகளும் உள்ள பெட்டாலிங் ஜெயாவும் சுபாங் ஜெயாவும் சொந்த வருமானத்தில் நிற்கும். கிராமப் பக்கம் அப்படியில்லை. சபாக் பெர்ணம், கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், கோல லங்காட் போன்ற இடங்களில் நெல்வயலும் செம்பனையும் மீனவர் குப்பமும் பழைய கடைத்தெருவும்தான். அங்கே மன்றங்கள் மாநில, மத்திய மானியத்தைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. 2020, 2021-இல் கோல லங்காட்டும் கோல சிலாங்கூரும் உலு சிலாங்கூரும் மாவட்ட மன்றத்திலிருந்து நகராண்மைக் கழகமாக உயர்ந்தன. 2024 பிப்ரவரி 5-இல் கிள்ளான் அரச மாநகராட்சி ஆனது. பெயர்ப்பலகை மாறியது, சின்னம் மாறியது. உறுப்பினரை நியமிக்கும் முறை மட்டும் மாறவில்லை.

அந்த முறையைச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. மன்றத் தலைவரோடு 8 பேருக்குக் குறையாமல், 24 பேருக்கு மேற்படாமல் உறுப்பினர்கள். நியமிப்பது மாநில அரசு. பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மிகாது. அவர்களில் பெரும்பான்மையோர் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சியில் அனுபவம் உள்ளவர்கள், தொழிலில் பெயர் பெற்றவர்கள், தம் சமூகத்தின் நலனை எடுத்துச்சொல்ல வல்லவர்கள் என மூன்று தகுதிகளில் ஒன்று போதும். காகிதத்தில் நல்ல பட்டியல்தான். ஆட்சிக் கட்சிகள் தமக்குள் இடங்களைப் பிரித்துக்கொள்வதே நடைமுறை. மன்றத் தலைவரோ அரசுப் பணியிலிருந்து வருபவர். கவுன்சிலர்கள் கூட்டத்துக்கு வந்து போகிறவர்கள். தினமும் கோப்பைப் பிடித்திருப்பவர்கள் அதிகாரிகள். யார் சொல் செல்லும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோலாலம்பூரில் அந்த 24 பேர்கூட இல்லை. டத்தோ பண்டாருக்கு ஆலோசனைக் குழு உண்டு. மண்டலவாரியாக நியமிக்கப்பட்ட குடியிருப்பாளர் மன்றங்கள் உண்டு. 1974 பிப்ரவரி 1-இல் கூட்டரசுப் பிரதேசமான பிறகு மாநிலச் சட்டமன்றமும் அந்நகரத்துக்குக் கிடையாது. கிள்ளான்காரருக்கு நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என இரண்டு வாக்கு. பிரிக்பீல்ட்ஸ்காரருக்கு ஒன்றே ஒன்று. 2010 அக்டோபர் 27-இல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து துன் சம்பந்தன் சாலையில் 'லிட்டில் இந்தியா'வைத் திறந்துவைத்தார்கள். தோரண வாயில் வந்தது, யானை நீரூற்று வந்தது. போக்குவரத்து மாறி வண்டி நிறுத்த இடமில்லை என்று கடைக்காரர்கள் குறைபட்டார்கள். அழகுபடுத்தியதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தெருவை எப்படி மாற்றலாம் என்று அந்தத் தெருவில் வியாபாரம் செய்பவர் வாக்குப் போட்டுக் கேட்க ஒரு மன்றம் அங்கே இல்லை.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1890-இல் கோலாலம்பூரில் சுகாதார வாரியம் அமைந்தபோது அதில் இந்தியர் சார்பில் உட்கார்ந்தவர் கே. தம்புசாமி பிள்ளை; மகா மாரியம்மன் கோயிலையும் பத்துமலையையும் நமக்குத் தந்தவர் என்றுதான் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவரைச் சொல்லிக்கொடுக்கிறோம், சாக்கடையும் சந்தையும் அவர் பொறுப்பில் இருந்ததைச் சொல்வதில்லை. அது நியமன வாரியம்தான். தேர்தல் வந்தது 1950-இன் ஊராட்சித் தேர்தல் சட்டத்தோடு. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர். மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் 1955-இல்தான் என்பதால், வாக்குப்பெட்டியை இந்நாட்டு மக்கள் முதலில் பார்த்ததே ஊராட்சிக்காகத்தான். அந்தக் கோலாலம்பூர்த் தேர்தலில் அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்து 12 இடங்களில் 9-ஐ வென்றன. நாட்டை அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆண்ட கூட்டணியின் கரு அங்கேதான் உருவானது. கிள்ளான் 1954-இல் நகர மன்றம் பெற்றது.

சிற்றூர்களுக்கும் பங்கு கிடைத்தது. அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளிடமிருந்து பிரிப்பதற்காக ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். கிள்ளானில் பண்டமாரான், கோலாலம்பூர் ஓரத்தில் ஜிஞ்சாங், தெற்கே செர்டாங் எல்லாம் அப்படிப் பிறந்தவை. 1952-இன் உள்ளூர் மன்றச் சட்டத்தின் கீழ் அந்தக் கிராமங்களில் பலவற்றுக்குச் சொந்த மன்றம் வந்தது. கிராமத்தார் தங்களுக்குள் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து, வீட்டுவரி போட்டு, சந்தைக் கொட்டகையும் கால்வாயும் கட்டினார்கள். வேலிக்குள் அடைத்த அதே அரசாங்கம் வேலிக்குள் வாக்கும் கொடுத்த விசித்திரம் அது.

தோட்டத்துக்கு அது கிடைக்கவில்லை. புதுக்கிராமத்துச் சீனர் கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சில மைல் தள்ளி ரப்பர் மரங்களுக்கு நடுவே தோட்டத் தமிழர் தோட்ட நிர்வாகியான தொரையின் ஆட்சியில் இருந்தார்கள். தோட்டம் தனியார் நிலம் என்பதால் ஊராட்சி மன்றத்தின் கை அங்கே நீளவில்லை. லயத்து வீடு, தண்ணீர்க் குழாய், ஆயாக் கொட்டகை, டிரசர், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. கால்வாய் அடைத்தால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி கிராணியிடம் சொல்வார். தொரை மனம் வைத்தால் நடக்கும். ஒரு ஊருக்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருந்தன, குடிமகன் என்ற தகுதியைத் தவிர. பல தலைமுறை இப்படி வாழ்ந்த சமூகம் 'மன்றம்' என்றால் என்னவென்று கற்றுக்கொள்ள வாய்ப்பே பெறவில்லை. சுதந்திரத்துக்குப் பின் கிராம வளர்ச்சிக்கென்று அரசு ஒதுக்கிய பணமும் தனியார் நிலம் என்ற அதே காரணத்தால் தோட்டத்துக்கு வெளியேயே நின்றது.

1965 மார்ச் 1-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி அவசரகால விதிகளின் கீழ் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. அமைதி திரும்பியதும் நடத்துவோம் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் உறுதி சொன்னார். மோதல் 1966 ஆகஸ்டில் முடிந்தது. தேர்தல் வரவில்லை. பல பெரிய நகரங்களை எதிர்க்கட்சிகள் பிடித்திருந்தன என்பதை மறந்துவிட்டு இந்த நிறுத்தத்தைப் புரிந்துகொள்ள முடியாது. சில மன்றங்களில் முறைகேடு நடந்ததும், செரம்பான், ஜார்ஜ் டவுன் மன்றங்களின் நிர்வாகத்தை மாநில அரசு எடுத்துக்கொண்டதும் உண்மை. இதற்கிடையில்தான் ஆதி நாகப்பன் ஆணையம். அதில் ஒருவர் டி. எஸ். ராமநாதன், 1957-இல் ஜார்ஜ் டவுனின் முதல் மேயரானவர். மேற்கு மலேசியாவில் அன்று இருந்த 370-க்கும் மேற்பட்ட மன்றங்களை ஆராய்ந்து 1968 இறுதியில் அறிக்கை முடிந்தது. மன்றங்களில் திறமைக்குறைவும் ஊழலும் இருப்பதை அது மறைக்கவில்லை. ஆனால் அதற்காகத் தேர்தலை ஒழிப்பது வைத்தியமாகாது என்றது. அறிக்கை வெளிவருவதற்குள் 1969 மே 13 இனக்கலவரம் வந்துவிட்டது. 1971-இல் வெளியிட்டார்கள். மன்றங்களைப் பெரிதாக இணைக்க வேண்டும் என்ற யோசனையின் போக்கை எடுத்துக்கொண்டு தேர்தலை விட்டுவிட்டார்கள். 1973-இல் இடைக்காலச் சட்டம், 1976-இல் நிரந்தரச் சட்டம். அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஊராட்சித் தேர்தல் பற்றி எந்தச் சட்டத்தில் எது எழுதியிருந்தாலும் இனிச் செல்லாது என்று கதவைப் பூட்டியது. கோலாலம்பூருக்கு அதற்கும் முன்பே பூட்டு விழுந்திருந்தது: 1960-இன் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தைக் கலைத்து ஆணையர் ஒருவரை உட்காரவைத்தது.

தேர்தலைத் திரும்பக் கொண்டுவரும் பேச்சு எழும்போதெல்லாம் இனக் கணக்கு குறுக்கே வருகிறது. நகரங்களில் சீனர் அதிகம், மன்றங்கள் அவர்கள் கைக்குப் போகும், இனப்பூசல் வரும் என்கிறார்கள். 2015 ஜனவரியில் பாஸ் தலைவர் ஹாடி அவாங் மே 13-ஐ நினைவூட்டியே எச்சரித்தார். 2018-இல் ஆட்சிக்கு வந்த பக்காத்தான் ஹராப்பான் முதலில் தேர்தல் நடத்தும் என்றது, பிறகு பிரதமர் மகாதீர் அதே இனக் காரணத்தைச் சொல்லி மூடிவைத்தார். பினாங்கு 2012-இல் தானே ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது; 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்றது. இந்த இனக் கணக்கு இன்று பழையதாகிவிட்டது. நகரமயமாதல் கிள்ளான் பள்ளத்தாக்கின் மக்கள்தொகையை மாற்றிவிட்டது. ஷா ஆலம், காஜாங் போன்ற இடங்களைப் பார்த்தவர் இன்னும் 1960களின் நகரத்தைப் பற்றிப் பேசமாட்டார்.

தமிழருக்கு இதில் வேறு ஒரு சங்கடம் இருக்கிறது, அதை நேராகப் பேசுவோர் குறைவு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இந்தியர் ஏறக்குறைய 7 விழுக்காடு. சிலாங்கூரில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல். எந்தப் பகுதியிலும் பெரும்பான்மை இல்லை. வட்டாரவாரியாகத் தேர்தல் வைத்தால் நம் ஆட்கள் எத்தனை பேர் வெல்வார்கள்? நியமன முறையிலோ ஒவ்வொரு கட்சியும் தன் பங்கில் சில இந்தியர்களுக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே கவுன்சிலராக இருக்கும் தமிழருக்கும், கவுன்சிலராக விரும்பும் தமிழருக்கும் நியமனமே பாதுகாப்பு. கட்சிக் கிளைகளில் இந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் போடுகிறவர்கள் உண்டு.

கணக்கு தவறென்று சொல்ல முடியாது. ஆனால் தேர்தல் இருந்த காலத்தின் பதிவு வேறு மாதிரி இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் ராமநாதனை முன்னிறுத்தியது தொழிலாளர் கட்சி. அந்த நகரம் சீனப் பெரும்பான்மை நகரம். ஈப்போ மன்றத்தை 1950களின் இறுதியிலிருந்து தன் கையில் வைத்திருந்த மக்கள் முற்போக்குக் கட்சியின் தலைவர்கள் டி. ஆர். சீனிவாசகமும் அவர் அண்ணன் எஸ். பி. சீனிவாசகமும், இலங்கைத் தமிழ் மரபினர். ஈப்போச் சீனர் அவர்களுக்கு வாக்களித்தது வழக்குமன்றத்திலும் தெருவிலும் அவர்கள் செய்த வேலைக்காக. இன்று டி. ஆர். பெயரில் அங்கே பூங்கா இருக்கிறது. நியமன முறை வந்த பிறகு ஒரு முழு நகரமே தன்னுடையவர் என்று சொல்லிக்கொண்ட அந்த மாதிரித் தமிழ்க் கவுன்சிலர் ஒருவர் பெயரைச் சொல்லச் சொன்னால் நாம் திணறுவோம். 'இந்தியக் கவுன்சிலர்' என்று வந்தவர் இந்தியப் புகார்களை வாங்கும் ஆளாகச் சுருங்கிவிடுகிறார். கோயில், சுடலை, தீபாவளிக் கடை. தெருவின் மற்ற பாதி அவர் பக்கம் திரும்புவதில்லை; அவரும் அந்தப் பாதியை நம்பி இல்லை. இடம் கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை.

அந்தக் கோயில் விவகாரங்களிலாவது இடம் உதவியதா? 2007 அக்டோபர் 30-இல், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஷா ஆலம் மாநகராட்சியின் அமலாக்கப் பிரிவினர் பாடாங் ஜாவாவில் கம்போங் ரிம்பா ஜெயாவின் மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். அடுத்த மாதம் 25-ஆம் தேதி கோலாலம்பூர்ச் சாலைகளில் இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் பேரணி. அடுத்த மார்ச்சில் சிலாங்கூரின் ஆட்சியே கவிழ்ந்தது. மலேசியத் தமிழர் அரசியலில் மிகப் பெரிய திருப்பம் எனச் சொல்லப்படும் அந்தக் காலகட்டத்தின் மையத்தில் ஊராட்சி அதிகாரிகளின் ஒரு காலை நேர வேலை இருந்தது என்பதை நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை. 2012-இல் பத்துமலைக்குப் பக்கத்தில் 29 மாடி அடுக்குமாடிக்கான அனுமதி பற்றிக் கொந்தளித்தோம். மாநில அரசு அதை நிறுத்தியது. அந்த அனுமதி செலாயாங் நகராண்மைக் கழகத்தின் வழியாக ஆண்டுகளுக்கு முன்பே நகர்ந்திருந்தது. வேலை தொடங்கும் வரை பக்தர்களில் யாருக்கும் தெரியவில்லை. மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது என்று 1976 சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. முடிவுகள் உருவாகும் குழுக் கூட்டங்கள் திறந்தவை அல்ல. அதைவிட முக்கியம், திறந்த கூட்டத்துக்கும் போய் உட்காருவோர் கிடையாது.

பொறுப்புக் கேட்பதற்கு நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். இரண்டு வழக்குகள் போதும். 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் மாண்டார்கள். 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்குப் பாதுகாப்பளிக்கிறது என்று தீர்த்தது. வாக்காளரும் கேட்க முடியாது, வழக்காளியும் கேட்க முடியாது என்ற நிலை.

இரண்டாவது வழக்கு நம்மை ஆதி நாகப்பன் சாலைப் பக்கமே கொண்டுபோகிறது. புக்கிட் கியாரா தோட்டத்தை 1980களின் தொடக்கத்தில் அரசு எடுத்துக்கொண்டபோது, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் தற்காலிக நீள்வீடுகளுக்கு மாற்றப்பட்டன. சுமார் நூறு குடும்பம். தற்காலிகம் நாற்பதாண்டைத் தாண்டியது. அதை ஒட்டிய ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் கட்ட டி.பி.கே.எல். 2017-இல் அனுமதி கொடுத்தது. நீள்வீட்டாருக்கென ஒரு கட்டடமும் அதில் அடக்கம். சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அனுமதி செல்லாது என்றது. நிலத்துக்கு உரிமையான அறக்கட்டளையின் வாரியத்திலும் டத்தோ பண்டார் இருந்ததால் எழுந்த நல முரணும் தீர்ப்பில் பேசப்பட்டது. மன்றங்களின் திட்டமிடல் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்ட நல்ல தீர்ப்பு. போராடியவர்கள் நீள்வீட்டாருக்கு அதே இடத்தில் வீடு வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார்கள். ஆனாலும் விளைவைப் பாருங்கள்: வழக்கறிஞரைப் பிடிக்க வசதியுள்ளவர்களுக்குப் பூங்கா மிஞ்சியது, தோட்டத்து மனிதர்களுக்கு உறுதியளித்த வீடு மறுபடியும் காகிதத்துக்குப் போனது. இரண்டு தரப்பும் வாக்குப் போடும் ஒரு நகர மன்றம் இருந்திருந்தால் நூறு குடும்பத்தின் வாக்குக்கும் ஒரு விலை இருந்திருக்கும்.

தேர்தல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். அங்கே அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தமே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இருந்தும் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 2006 வரை தேர்தலை நடக்கவிடவில்லை. 2016-இல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் பெரும்பாலான ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பருக்கும் நகர்ப்புறத்தில் 2022 பிப்ரவரிக்கும் தள்ளிப்போனது; இடையில் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். இலங்கையில் 2023-இல் நடக்க வேண்டியது 2025 மே மாதம்தான் நடந்தது. மேலிருப்பவர்களுக்குக் கீழே ஒரு தேர்தல் எப்போதும் இடைஞ்சல்தான். ஆனால் அங்கெல்லாம் தள்ளிப்போட்டவர்கள் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே அறுபது ஆண்டாகக் காரணம் கேட்பவர்களே குறைவு.

தோட்டம் போன பிறகு தமிழர் எங்கே போனார்கள் என்பதையும் ஊராட்சிக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஒரு பகுதி புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் போனது. சட்டப்படி இல்லாத வீட்டுக்கு மதிப்பீட்டு வரியும் இல்லை, குப்பை லாரியும் இல்லை. சிலாங்கூர் 2005-க்குள் புறம்போக்கே இல்லாத மாநிலம் என்று கெடு வைத்து இடித்தபோது அங்கிருந்து மலிவு விலை அடுக்குமாடிக்கு. இன்னொரு பகுதி தோட்டத்திலிருந்து நேராக அடுக்குமாடிக்கு. புத்ராஜெயா எழும்பிய நிலத்தில் பெராங் பெசார் முதலான தோட்டங்கள் இருந்தன. அங்கே பால் வெட்டிய சுமார் 400 குடும்பங்களை டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் கொண்டு வைத்தார்கள். சுவர் வெடித்தது, பாதுகாப்பில்லை என்று ஆனது, தரைவீடு கேட்டுக் கால் நூற்றாண்டு போராடினார்கள். நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு நிலம் விட்டவர்களுக்கு ஒழுங்கான சுவர் கிடைக்க அத்தனை காலம்.

அடுக்குமாடிக்குள் புகுந்தபின் அன்றாட ஊராட்சி மறுபடியும் இடம் மாறிவிட்டது. மின்தூக்கி, படிக்கட்டு விளக்கு, தண்ணீர்த் தொட்டி, குப்பை அறை எதுவும் மன்றத்துடையது அல்ல. 2013-இன் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி வீட்டுரிமையாளர்கள் சேர்ந்த கூட்டு நிர்வாக மன்றத்தின், அதாவது ஜே.எம்.பி.யின், பொறுப்பு அது. மேற்பார்க்கும் கட்டட ஆணையர் நகராண்மைக் கழகத்தில் உட்கார்ந்திருக்கிறார். பெரிய மன்றத்துக்கு இல்லாத ஒன்று இந்தச் சிறிய மன்றத்துக்கு உண்டு: ஆண்டுக் கூட்டம் நடத்தி வாக்கெடுத்துத்தான் செயற்குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2015-இல் அமலுக்கு வந்த இந்தச் சட்டத்தின் வழியே, தோட்டத்திலும் புறம்போக்கிலும் ஊர் நிர்வாகத்துக்கு வாக்கே பார்க்காத குடும்பங்கள் தம் வாசல் விளக்குக்கு வாக்குப் போடுகின்றன. இதை ஏன் யாரும் அரசியல் என்று எண்ணவில்லை என்பது எனக்கு வியப்பு.

இங்கும் முட்டுக்கட்டை இருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவருக்கு வாக்கில்லை. மலிவு விலை அடுக்குமாடிகளில் பாக்கி வைத்தவர்கள்தான் அதிகம். மின்தூக்கி ஓடாததால் கட்டவில்லை என்பார்கள் அவர்கள், கட்டாததால் ஓடவில்லை என்பார்கள் செயற்குழுவினர். வாடகைக்கு இருப்போருக்கும் வாக்கில்லை. வாக்குரிமை உள்ள உரிமையாளர்களில் பாதிப்பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வராவிட்டால் சட்டம் அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது. அதன்பின் மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அவர்களே போதும், அவர்கள் எடுப்பதுதான் முடிவு. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், கிள்ளானிலும் பூச்சோங்கிலும் காஜாங்கிலும், பிளாஸ்டிக் நாற்காலி போட்ட கீழ்த்தளக் கூடங்களில் அந்த அரை மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது; பாதி நாற்காலிகள் காலி, வந்திருப்பவர்களில் ஒருவர் பாக்கிப் பட்டியலை ஒட்டிக்கொண்டிருக்கிறார், மேலே இருந்து இன்னும் சிலராவது இறங்கி வருவார்களா என்று செயலாளர் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.